உப்புக் காற்றில் ஒரு பொய்ச்சாட்சி

இராயபுரத்தில் தொடங்கி, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தைக் கடந்து, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரையில் கடலை ஒட்டியே செல்லும் சாலையில், ஒரு பக்கம் அலையைத் தடுக்கக் குவித்த கருங்கற்களும், மறுபக்கம் ஆலைச் சுவர்களும் கண்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசையும், இவ்விரண்டுக்கும் இடையே நெருங்கி நிற்கும் குடியிருப்புகளுமாக விளங்குகிற வட சென்னையின் கரையோரத்தில், பிற பேட்டைகளில் நெடுநாள் உழைக்கிற குளிர்சாதன யந்திரம் சீக்கிரமே தள்ளாமை அடைந்துவிடுகிறது. காயில் பொடியாய்ப் போயிற்று, ஸ்டாண்டு துருவேறி உதிர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியும் கேடுகளைப் பற்றி அங்குள்ள ஏசி மெக்கானிக்குகள் நாள் முழுவதும் சொல்லுவார்கள். இந்த அத்தியாயத்தில் நான் எடுத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு கேட்டை.

அதன் குறிகள் விசித்திரமானவை. திருவொற்றியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பகலில் யந்திரம் ஒழுங்காக ஓடுகிறது. நள்ளிரவு தாண்டியதும் அறையில் புழுக்கம் இருக்கும்போதே கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கிறது. அல்லது இதற்கு நேர்மாறாக, கம்ப்ரஸர் நிற்காமலே ஓடி, உள்ளிருக்கும் காயிலின் மேல் பனிக்கட்டி படர்ந்து, விடியற்காலையில் அது உருகிச் சுவரில் வழிகிறது. மெக்கானிக் காலையில் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டுக்காரர் சொல்வதை அவர் நம்புவதில்லை; அவர் சொல்வதை வீட்டுக்காரர் நம்புவதில்லை. இருவரும் உண்மையே சொல்லுகிறார்கள். பொய் சொல்லுவது வேறொன்று.

குளிர்சாதனம் அறையின் உஷ்ணத்தை அறிவதில்லை. இது முதலில் மனத்தில் பதியவேண்டிய விஷயம். நட்சத்திர முத்திரை பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியை ஆரம்ப நிலையாகக் கொண்டே இயங்கவேண்டும் என்று 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் விதி இருக்கிறது. ஆகையால் பெரும்பாலான வீடுகளில் யந்திரத்தின் முகப்பில் அந்த எண்ணே ஒளிர்கிறது. அந்த எண் நாம் இட்ட கட்டளை. அறை உண்மையில் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை யந்திரம் பிரத்தியட்சமாக அறிவதற்கு வழியே இல்லை; மலைமேல் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கொள்ளும் தர்க்க சாஸ்திரியைப் போலவே, வேறொன்றைக் கண்டு உஷ்ணத்தை அது அனுமானித்துக்கொள்ளுகிறது. அது காணுகிற அந்த வேறொன்று ஒரு மின்தடை. புகை என்று நினைத்தது மூடுபனியாக இருந்தால் நெருப்பும் பொய்யாகிவிடுகிறதல்லவா? நம்முடைய கேடு முழுவதும் இந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறது.

மின்தடையைத் தரும் கருவிக்குத் தெர்மிஸ்டர் என்று பெயர்; கடைகளில் வெறுமே சென்சார் என்று கேட்டால் போதும். சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு மணி, இரண்டு மெல்லிய ஒயர்கள், முனையில் ஒரு பிளாஸ்டிக் கனெக்டர், இவ்வளவே அதன் உடம்பு. அறைக்குள் மாட்டிய பெட்டியில் பொதுவாக இரண்டு மணிகள் இருக்கும். ஒன்று, அறைக் காற்று உள்ளே இழுபடும் வாயிலில், காயிலைத் தொடாமல் ஒரு கிளிப்பில் நிற்கிறது. அறையின் சூட்டைச் சொல்லுவது இது. இன்னொன்று, செம்புக் கவசம் அணிந்து, காயிலோடு பற்றவைத்த ஒரு சிறு செம்புக் குழாய்க்குள் செருகப்பட்டிருக்கிறது. காயில் உறைநிலையை நெருங்குகிறதா என்று காவல் காப்பது இதன் வேலை. இன்வர்ட்டர் வகை யந்திரமானால் வெளியே வைத்த பெட்டியிலும் இத்தகைய மணிகள் உண்டு.

சூடு ஏற ஏற உலோகங்களின் மின்தடை அதிகரிக்கிறது. இது சாதாரணமாக எல்லோரும் பள்ளியில் படித்தது. இதற்கு மாறான சுபாவமுள்ள ஒரு பொருளை மைக்கேல் ஃபாரடே 1833இல் கண்டார். சில்வர் சல்ஃபைடு, அதாவது வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கறுப்புப் பொருளை, அவர் விளக்கால் சூடாக்கினார். அது மின்சாரத்தைத் தடுப்பதற்குப் பதிலாக மேன்மேலும் தாராளமாக விட்டது. ஆறியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. இது எதற்குப் பயன்படும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. சுமார் நூறு வருஷம் கழித்து, 1930ஐ ஒட்டி, அமெரிக்கரான சாமுவேல் ரூபன் இத்தகைய சுபாவத்தைக் கொண்டு உஷ்ணத்தை அளக்கும் தெர்மிஸ்டரை வியாபாரத்துக்கு ஏற்ற ரூபத்தில் அமைத்தார். இன்றைய மணிகள் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட்டு முதலியவற்றின் ஆக்சைடுகளைச் சுட்டுச் செய்த பீங்கான்கள். இவற்றில் எலெக்ட்ரான்கள் உலோகத்தில் போலக் கட்டின்றித் திரிவதில்லை. ஒரு அயனியிலிருந்து அடுத்த அயனிக்குத் தாவித்தான் செல்லவேண்டும். தாவுவதற்கு வேண்டிய ஊக்கத்தை உஷ்ணம் கொடுக்கிறது. ஆகவே சூடு கூடினால் தாவல் கூடும், தடை குறையும்.

வீட்டுக் குளிர்சாதனங்களில் மிகுதியாகக் காணப்படும் மணி 25 டிகிரியில் 10,000 ஓம் தடையுள்ளது. அந்த வகையில் பொதுவான ஒரு மணி 30 டிகிரியில் ஏறத்தாழ 8,000 ஓமும், 50 டிகிரியில் 3,600 ஓமும், உறைநிலையில் 33,000 ஓமும் காட்டும். இறக்கம் நேர்கோடாக இல்லாமல் வளைந்து செல்வதைக் கவனிக்கவேண்டும். பின்னால் இது நமக்கு உதவும். யந்திரத்தின் போர்டில் 5 வோல்ட்டு மின்னழுத்தத்தை இந்த மணியும் ஒரு நிலையான ரெசிஸ்டரும் பங்கிட்டுக்கொள்ளுகின்றன. மணியின் பங்கு எவ்வளவு என்பதைச் சிப் அளந்து, தன்னுள் எழுதி வைத்த அட்டவணையைப் பார்த்து, அதற்குரிய டிகிரியைத் தெரிந்துகொள்கிறது. நீதி ஸ்தலத்தை விட்டு வெளியே வந்தறியாத ஒரு நியாயாதிபதி, ஒரே ஒரு சாட்சியின் வாக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்லுவது போன்ற காரியம் இது. சாட்சி யோக்கியமானவனாகவே இருக்கலாம். அவன் சொன்னது மன்றம் வந்து சேருமுன் வழியில் திரிந்து போவதும் உண்டு.

ஒயர் முழுவதும் அறுந்துவிட்டால் தடை அளவற்றதாகிறது; இரண்டு ஒயர்களும் ஒட்டிக்கொண்டால் தடை இல்லாமலே போகிறது. இவ்விரண்டும் உலகில் நிகழ முடியாத உஷ்ணங்கள் ஆகையால் யந்திரம் உடனே விழித்துக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தி, விளக்கைச் சிமிட்டியோ எழுத்தைக் காட்டியோ குற்றத்தை அறிவித்துவிடுகிறது. இவை எளிய கேஸ்கள். இவற்றுக்கு ஒரு அத்தியாயம் தேவையில்லை. உண்மையைப் போலவே தோன்றும் பொய்தான் கடினமானது, அதற்கு யந்திரத்திடம் எந்த எழுத்தும் கிடையாது.

அந்தப் பொய் இரண்டு வகைப்படும். முதல் வகையில், கனெக்டருக்குள் உலோக முனைகள் தொடும் இடத்தில் துரு படிந்து, மணியின் தடையோடு இன்னொரு தடை தொடர்ந்து சேர்ந்துகொள்கிறது. அறை 30 டிகிரியில் இருக்கிறது; மணி நேர்மையாக 8,000 ஓம் காட்டுகிறது; துரு 2,000 ஓமைச் சேர்க்கிறது. போர்டுக்குப் போய்ச் சேருவது 10,000. யந்திரம் அறை 25 டிகிரியில் இருப்பதாக எண்ணுகிறது. நாம் இட்ட கட்டளையும் 25 என்றால், வேலை முடிந்ததென்று கம்ப்ரஸரை நிறுத்திவிடுகிறது. இரண்டாம் வகையில், இரு முனைகளுக்கும் இடையே ஈரமான உப்புப் படலம் ஒன்று படர்ந்து, மின்சாரம் மணிக்குள் போகாமல் குறுக்கே கசிய இடம் கொடுக்கிறது. அந்தக் கசிவு வழியின் தடை 40,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் 10,000 ஓம் மணியோடு அது பக்கத்தில் சேர்ந்து 8,000 ஆகிறது. யந்திரம் 30 டிகிரி என்று மயங்கி, நிற்காமல் ஓடுகிறது. துரு யந்திரத்துக்குக் குளிரைக் காட்டுகிறது. ஈரம் சூட்டைக் காட்டுகிறது. ஒரே கடற்காற்றிலிருந்து இரண்டும் பிறக்கின்றன என்பதுதான் மெக்கானிக்கைத் திகைக்க வைப்பது.

இங்கே அந்த வளைகோட்டின் விசேஷத்தைப் பார்க்கவேண்டும். அறை மணியில் ஐந்து டிகிரிப் பிழையை உண்டாக்கிய அதே 40,000 ஓம் கசிவு, காயில் மணிக்கு நேர்ந்தால் என்ன ஆகும்? காயில் உறைநிலைக்கு வந்துவிட்டது. மணி 33,000 ஓமாக உயர்ந்திருக்கிறது. கசிவு பக்கத்தில் சேர்ந்ததும் போர்டு காண்பது 18,000 மட்டுமே. அதற்குரிய உஷ்ணம் 12 டிகிரி. பனிக்கட்டி கட்டிக்கொண்டிருக்கையில் காவற்காரன் 12 டிகிரி என்று அறிவித்துக்கொண்டிருக்கிறான். கம்ப்ரஸர் ஏன் நிற்கப் போகிறது? குளிர்ந்த மணியைக் கசிவு அதிகமாகக் கெடுக்கிறது. துருவோ சூடான மணியை அதிகமாகக் கெடுக்கிறது: வெளிப்பெட்டியின் காயில் 50 டிகிரியில் இருக்கும்போது 3,600 ஓமோடு 2,000 சேர்ந்தால் யந்திரம் 39 என்று எண்ணும், பதினொரு டிகிரிப் பிழை. ஆகவே உள்ளே பனி கட்டினால் கசிவையும், வெளியே காயும் காயிலைக் குளிர்ந்ததாக யந்திரம் நினைத்தால் துருவையும் முதலில் சந்தேகிக்கலாம். அளவு கருவியைத் தொடுவதற்கு முன்பே இவ்வளவு தூரம் யோசித்துத் தெளிந்துவிட முடிகிறது.

இரவில் வந்து காலையில் மறையும் மாயத்துக்கு வருவோம். அலை உடையும் இடத்தில் எழும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகி, கடற்காற்றில் ஏறி வீட்டுக்குள் வருகின்றன. கரையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே இவற்றின் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். நாம் உணவில் சேர்க்கும் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்து போகும். கடலுப்பில் அதோடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். சென்னைக் கரையில் காற்று அதற்குக் கீழே உலர்வது மிக அபூர்வம். ஆகையால் ஒரு முறை படிந்த கடலுப்பு அங்கே முழுதும் காய்வதே இல்லை. பகலில் அரைகுறையாக உலர்ந்து கசிவு குறைகிறது. இரவில் ஈரம் ஏறி, காயிலை அடுத்த காற்றும் பூரிதமாக இருக்கையில், படலம் நன்றாக நனைந்து மின்சாரத்துக்கு வழி விடுகிறது. யந்திரத்தை அணைத்து, வெயில் ஏறி, மெக்கானிக் வரும் நேரத்தில் அது மறுபடி உலர்ந்திருக்கிறது. உலோகங்களை உப்புக் காற்று தின்பதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் பெயர் பெற்ற இடம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் அளிக்க, 1948இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. அந்த நிலையத்தார் மண்டபம் என்னும் ஊரின் கடற்கரையில் உலோகத் தகடுகளை வெயிலிலும் காற்றிலும் விட்டுவைத்து அவை தேய்வதை அளந்து வந்திருக்கிறார்கள்.

மண்டபத்தில் உப்பு உண்டு, ஆனால் ஆலைகள் இல்லை. வட சென்னைக்கு இரண்டும் வாய்த்திருக்கின்றன. மணலியில் 1969 முதல் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. எண்ணூரில் 1970இல் நிலக்கரி அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி 2017 வரையில் நடந்தது. அதற்கு வடக்கே பெரிய அனல் நிலையங்கள் இன்றும் நடக்கின்றன. இவற்றுக்கு நடுவே பக்கிங்காம் கால்வாய் கழிவு நீர் தேங்கிக் கறுத்துக் கிடக்கிறது. நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் வெவ்வேறு ரூபத்தில் வெளிவருவது கந்தகம். அழுகின முட்டை நாற்றமாக நாம் அறியும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் தேடிப் பிடித்துக் கறுக்கச் செய்கிறது. வெள்ளி கறுத்தால் உண்டாவது எது? ஃபாரடே விளக்கில் வைத்துச் சூடாக்கிய அதே சில்வர் சல்ஃபைடு. தெர்மிஸ்டரின் தத்துவத்தை உலகுக்குக் காட்டிய பொருளே, இப்போது தெர்மிஸ்டரின் செய்தியைப் போர்டில் குலைக்கிறது! ஐரோப்பாவில் 2006இல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைத் தடை செய்த பிறகு, போர்டு செய்பவர்கள் பலர் வெள்ளிப் பூச்சுக்கு மாறினார்கள். கந்தகம் மிகுந்த ஊர்களுக்குப் போன அத்தகைய போர்டுகளில் கரும்படலம் ஊர்ந்து பரவி, அவை சில மாதங்களிலேயே பழுதான செய்தி அந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது.

இனி, பழுதைக் கண்டுபிடிக்கும் முறை. பனி கட்டிய காயிலைப் பார்த்தவுடன் நம் மெக்கானிக்குகள் பலர் சொல்லும் முதல் வார்த்தை, “கேஸ் கம்மியா இருக்கு சார்” என்பதுதான். இதைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கேஸ் குறைந்தாலும் காயிலில் பனி படர்வது மெய்யே. ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்று குறைந்தாலும் அப்படியே. வட சென்னைத் தூசியில் நிலக்கரிப் பொடியும் கலந்திருப்பதால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆகையால் முதலில் ஃபில்டரைக் கழுவவேண்டும். அடுத்து, பனி எப்படிப் படர்ந்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். கேஸ் குறைந்த காயிலில் திரவம் நுழையும் பக்கத்தில் மட்டும் பனி முதலில் கட்டும்; மற்றப் பகுதி குளிராமலே இருக்கும். காயில் முழுவதும் சீராகப் பனி மூடி, ஃபில்டரும் சுத்தமாக இருந்தால், நிறுத்தவேண்டிய நேரத்தில் யாரோ நிறுத்தத் தவறியிருக்கிறார்கள் என்று பொருள். அப்போதுதான் மணியை விசாரிக்க வேண்டும். கேஸ் கசியாத யந்திரத்தில் கேஸ் ஏற்றிவிட்டுப் பணம் வாங்கிப் போகிற வழக்கத்தை நான் வெறுக்கிறேன். அது பழுதை நீக்காததோடு புதுப் பழுதையும் கொண்டு வருகிறது.

சில கம்பெனிகள் ரிமோட்டிலேயே ஒரு மணியை வைத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் ரிமோட்டு இருக்கும் இடத்தின் உஷ்ணத்தையே யந்திரம் எடுத்துக்கொள்ளும்படி செய்திருக்கின்றன. அந்த வசதி இருந்தால் அதுவே இரண்டாவது சாட்சி. அதை இயக்கியதும் யந்திரம் ஒழுங்காக நடந்துகொண்டால், அறை மணியின் பக்கமே குற்றம் இருக்கிறது என்று வீட்டுக்காரரே ஒரு ஸ்குரூவையும் கழற்றாமல் தீர்மானிக்கலாம். அதற்கு மேலே உள்ளவை தேர்ந்த மெக்கானிக்கின் காரியங்கள். சில போர்டுகளில் 5 வோல்ட்டுப் பகுதியும் 230 வோல்ட்டு லைனோடு தொடர்புடையதாகவே இருக்கும். சிறிய வோல்ட்டுதானே என்று விரல் வைப்பது உயிருக்கு ஆபத்து.

மெக்கானிக் வழக்கமாகச் செய்வது, கனெக்டரைப் போர்டிலிருந்து பிடுங்கி, அதன் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து ஓம் அளப்பது. 30 டிகிரி அறையில் 8,000 என்று காட்டுகிறது. மணி சரியாகவே இருக்கிறது. ஆகவே போர்டுதான் போய்விட்டது என்று அவர் முடிவு கட்டுகிறார். எளிதில் கண்டுகொள்ள முடியாத பிழை இது. துரு இருந்தது இரண்டு உலோகங்கள் தொடும் இடத்தில். பிடுங்கிய கணத்தில் அந்த இடமே இல்லாமல் போயிற்று. அளந்தது துருவை விட்டுவிட்ட மணியை மட்டும். மறுபடி செருகும்போது முனைகள் உராய்ந்து துரு சிறிது தேய்கிறது; யந்திரம் சில நாள் சரியாக ஓடுகிறது; புதுப் போர்டு மாற்றினதால்தான் ஓடிற்று என்று எல்லோரும் நம்புகிறார்கள். கம்ப்ரஸரின் அதிர்வில் முனைகள் மயிரிழை அசைந்து அசைந்து புதுத் துருவை உண்டாக்கியதும், பழைய கதை திரும்புகிறது.

இதற்கு மாற்று, கனெக்டரைப் பிடுங்காமலே அளப்பதுதான். நிலையான ரெசிஸ்டர் 10,000 ஓம் என்று கொள்வோம். மேலே சொன்ன பழுதில், துருவையும் மணியையும் சேர்த்து 10,000 ஆவதால் 5 வோல்ட்டு இரண்டாகப் பிரிந்து 2.5 வோல்ட்டு இந்தப் பக்கம் நிற்கிறது. அந்த 2.5இல் மணிக்கு உரியது 2. மிச்சமான அரை வோல்ட்டு துருவில் தங்கியிருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை ஒயர் கனெக்டருக்குள் நுழையும் இடத்திலும், மற்றதை அதே ஒயருக்குரிய முள் போர்டில் சால்டர் செய்யப்பட்ட இடத்திலும் வைத்தால், ஒரே கம்பியின் இரு நுனிகளானபடியால் பூஜ்யம் காட்டவேண்டும். அரை வோல்ட்டு காட்டினால் குற்றவாளி அங்கேயே, கையும் களவுமாகப் பிடிபட்டான். மீட்டர் பேட்டரி கொண்டு இயங்குவதாகவும், முனைகள் உறையிட்டவையாகவும் இருக்கவேண்டும்.

கசிவைப் பிடிப்பது இதைவிடக் கடினம். ஏனெனில் பகலில் அது ஒளிந்துகொள்ளும். யந்திரத்தின் மின் இணைப்பை அடியோடு துண்டித்து, கனெக்டரைப் பிடுங்கி, மணியின் ஓமைப் படித்துக்கொண்டே, ஒயர்கள் நுழையும் அந்தப் பிளாஸ்டிக் மூலையில் வாயால் மெதுவாக ஊதிப் பார்க்கலாம். மூச்சின் ஈரம் பட்டதும் எண் திடீரென்று இறங்கி, சில விநாடிகளில் மறுபடி ஏறினால், உப்புப் படலம் இருக்கிறது. மணியின் மேலேயே நேராக ஊதக்கூடாது. மூச்சின் சூட்டாலும் எண் இறங்கும், அப்போது எதனால் இறங்கிற்று என்று தெரியாது. ஈரம் சில சமயம் மணியின் கறுப்புப் பூச்சில் உண்டான மயிரிழை வெடிப்பு வழியே உள்ளேயே புகுந்துவிடும். அப்படியானால் மணியை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. வெளியில் படிந்த உப்பு மட்டுமானால் சுத்த ஸ்பிரிட்டால் கழுவி, உலர்த்தி, கனெக்டரைப் புதிதாக மாற்றினால் போதும்.

மணியையே விசாரிக்கவேண்டி வந்தால் பனிக்கட்டி நீரைவிட நம்பகமான அளவுகோல் கிடையாது. பனிக்கட்டியை நொறுக்கி, நீர் சேர்த்து, நன்றாகக் கலக்கிவிட்டால், கட்டி மிதக்கிற வரையில் அது 0 டிகிரியை விட்டு நகராது. மணியை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு அதில் அமிழ்த்தி, 33,000 ஓமை ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். உறையின்றி அமிழ்த்தினால் நீரே கசிவு வழியாகிவிடும். பனிக்கட்டிக்குக் காசிமேட்டில் குறைவில்லை. ஆனால் மீன் கூடையில் கிடந்து கடல் நீரோடு கலந்த கட்டியை எடுத்துவிடக்கூடாது. உப்பு சேர்ந்த பனிக்கட்டி 0 டிகிரிக்கு வெகு கீழே, வெறும் உப்போடு கலந்தால் -21 டிகிரி வரைக்கும் கூட, இறங்கவல்லது. நல்ல மணியைக் கெட்டதென்று தள்ளிவிட அது ஒன்றே போதும்.

போர்டின் மீது சந்தேகம் மிஞ்சினால், மணிக்குப் பதிலாக 10,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அந்த இடத்தில் செருகிப் பார்க்கலாம். சூட்டுக்கும் குளிருக்கும் அசையாத அந்தச் சாட்சி எப்போதும் 25 டிகிரி என்றே சொல்லும். யந்திரத்தின் கட்டளையை 24க்கு இறக்கினால் கம்ப்ரஸர் ஓடவேண்டும். சில டிகிரி மேலே ஏற்றினால் நிற்கவேண்டும். அப்படி நடந்தால் போர்டு குற்றமற்றது.

மாற்று மணி வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சென்னையின் மின்னணுக் கடைத்தெருவான ரிட்சி தெருவில் இவை தாராளமாகக் கிடைக்கின்றன. தோற்றத்தில் எல்லாம் ஒன்றே. 10,000 ஓம் மணியின் இடத்தில் 15,000 ஓம் மணியை வைத்தால் 25 டிகிரி அறையை யந்திரம் 16 என்று எண்ணி, கம்ப்ரஸரைத் தொடவே தொடாது. 5,000 ஓம் மணியை வைத்தால் 41 என்று எண்ணி, நிறுத்தவே நிறுத்தாது. 25 டிகிரியில் தடை ஒன்றாக இருந்தாலும், வளைவின் சரிவைக் குறிக்கும் எண் வேறாக இருந்தால், அறையில் சரியாகவும் உறைநிலையில் தவறாகவும் காட்டும் மணி வாய்க்கும். இது மிக மோசமான வாங்கல்.

பழைய ஜன்னல் ஏசிகளில் இந்தத் தொல்லை இல்லை என்று முதியவர்கள் சொல்லுவதுண்டு. அவற்றில் மின்தடை என்ற பேச்சே கிடையாது; ஒரு செம்புக் குமிழுக்குள் அடைத்த ஆவி, சூட்டில் விரிந்து, நீண்ட மெல்லிய குழாய் வழியே ஒரு துருத்தியைத் தள்ளி, ஸ்விட்சை மூடிற்று. உப்பு அந்தக் குழாயையும் தின்றது. ஆனால் ஆவி கசிந்து போனால் துருத்தி சுருங்கி, ஸ்விட்சு திறந்தே நின்று, கம்ப்ரஸர் ஓடாமலே இருந்துவிடும். பழுது ஒரே திசையில்தான் நேரும், அதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி. நுட்பத்தில் பின்தங்கிய அந்தக் கருவியில் இந்த ஒரு நாணயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே கரையில், வீட்டு யந்திரத்தைவிட அதிகமாக உப்பைக் குடிக்கிற குளிர்சாதனங்கள் வேறு இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்திலும் காட்டுப்பள்ளியிலும், மின்சாரம் செருகப்பட்டு வரிசையாக நிற்கும் குளிர்க் கண்டெய்னர்களுக்குள் உறைந்த இறால் -18 டிகிரியில் கப்பலுக்குக் காத்திருக்கிறது. உறைந்த சரக்கானால் பெட்டியைச் சுற்றித் திரும்பி வரும் காற்றின் உஷ்ணத்தைக் கொண்டும், காய்கனிகளானால் உள்ளே செலுத்தும் காற்றின் உஷ்ணத்தைக் கொண்டும் அவை ஆளப்படுகின்றன. அங்கே ஒரே மணியை நம்புவதில்லை. ஒரே இடத்துக்கு இரண்டு மணிகளை வைத்து, இரண்டும் வேறுபட்டால் அலாரம் எழுதி, கெட்டதை விலக்கிவிட்டு நல்லதைக் கொண்டு ஓட்டுகிறார்கள். சரக்கு ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு மணியையும் சோதிக்கிறார்கள். எல்லா மணிகளும் ஒருசேரத் தோற்றால் முழுக் குளிரில் ஓடுவதா, விசிறி மட்டும் சுற்றுவதா, அடியோடு நின்றுவிடுவதா என்பதைக்கூடச் சொந்தக்காரர் முன்னதாகவே குறித்து வைத்துவிடுகிறார். இறாலுக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, அதை உரித்துக் கட்டிவிட்டு வீடு திரும்பி உறங்குகிறவர்களின் யந்திரத்துக்குக் கிடைக்கவில்லை. இரண்டாவது மணி ஒன்றைப் பொருத்த வீட்டு யந்திரத்தின் பெட்டிக்குள் இடமும் இருக்கிறது, செலவும் அற்பம். கம்பெனிகள் அதைச் செய்யாதவரையில், காற்று உள்ளிழுபடும் வாயருகே ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, இரவில் கம்ப்ரஸர் நின்ற வேளையில் அது காட்டும் எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்து, மறுநாள் வரும் மெக்கானிக்கிடம் கொடுப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய காரியம்.